கப்பலுக்குப் போகும் பெட்டியைப் பூட்டலாமா, கூடாதா?

9.4.2025 | வாசகர் கேள்வி

அடுத்த மாதம் குடும்பத்தோடு சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம். ஏறுவதற்கு முன்பே பெட்டிகளை அவர்கள் வாங்கிக்கொண்டு, பிறகு அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்களாம். "பூட்டாதே, உடைத்துவிடுவார்கள்" என்கிறான் மகன். மனைவி இரண்டு பூட்டு வாங்கி வைத்துவிட்டாள். எது சரி?

9.4.2025, இரவு

பூட்டுங்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது? பாரிமுனைப் பக்கம் இரும்புச் சாமான் கடையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். மே மாதம் பிறந்தால் ரயிலுக்குப் போகிற கூட்டம் சங்கிலியும் பூட்டும் கேட்டு வரும். கீழ்ப் படுக்கைக்கு அடியில் இருக்கும் வளையத்தில் சங்கிலியை விட்டு, பெட்டியின் கைப்பிடியில் கோத்துப் பூட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். நடுராத்திரி காட்பாடியில் இறங்குகிறவன் உங்கள் பெட்டியோடு இறங்க மாட்டான். கப்பலுக்கும் அதேதான். மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

10.4.2025, காலை

நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். திருவான்மியூர் சகோதரி ஒருவர், கப்பல் சமையலறையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவராம், "நீங்கள் ரயிலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்புறம் நானே அவரைக் கேட்டு வாங்கியது இது.

ரயிலில் பெட்டி ராத்திரி முழுக்க உங்கள் காலடியில் கிடக்கிறது. பயம், யாராவது பெட்டியையே தூக்கிக்கொண்டு போவான் என்பது. கப்பலில் அந்தப் பயம் குறைவு, தூக்கிக்கொண்டு எங்கே குதிப்பான்? அங்கே பெட்டி உங்கள் கண்ணை விட்டு மறைவது இரண்டே தடவை. ஏறும் நாளில் அறை எண் எழுதிய சீட்டைக் கைப்பிடியில் கட்டிக் கொடுத்துவிடுகிறீர்கள். எக்ஸ்ரே பார்த்து, வண்டியில் அடுக்கி, தளம் தளமாகப் பிரித்து, சாயங்காலத்துக்குள் அறை வாசலில் வைக்கிறார்கள். இரண்டாவது, கடைசி ராத்திரி. பத்து, பதினொரு மணிக்குள் பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் இறங்கினால் கீழே கூடத்தில் வரிசையாக நிற்கும், நிறச் சீட்டைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டில் முதல் தடவை பூட்டினால்தான் வம்பு என்கிறார் சகோதரி. எக்ஸ்ரேயில் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஏதாவது தெரிந்தால் பெட்டியை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். திறந்திருந்தால் பார்த்துவிட்டு அனுப்பவாவது வழி உண்டு. பூட்டியிருந்தால் நீங்கள் வரும்வரை அது அங்கேயே கிடக்கும்.

ஆக, மகன் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. உடைப்பார்கள் என்றான், அது மட்டும் சரியில்லை. பெரும்பாலும் உடைக்க மாட்டார்கள். காத்திருக்க வைப்பார்கள்.

10.4.2025, மதியம்

"அப்படியென்றால் ஒரு பூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேள்வி கேட்டவரே கேட்கிறார். பூட்டை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க மாட்டார்கள். சாவிக்கு நகல் எடுத்திருப்பாய் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லுவேன்.

13.4.2025

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சோதனை.

பரணில் இருந்த நீலத் துணிப் பெட்டியை இறக்கினேன். பழசு, ஆனால் ஜிப் நன்றாக இருந்தது. ஜிப்பை இழுக்கிற இரண்டு ரன்னரையும் ஒன்றுசேர்த்து, மனைவி ரங்கநாதன் தெருவில் வாங்கி வந்த சின்னப் பித்தளைப் பூட்டைப் போட்டேன். சாவியை அவளிடம் கொடுத்தேன். பேரனின் பென்சில் டப்பாவிலிருந்து ரெனால்ட்ஸ் பால் பேனா ஒன்று. அதன் முனையை ஜிப்பின் நடுவில், இரண்டு வரிசைப் பல்லும் சேரும் இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். முதலில் வழுக்கியது. இரண்டாவது அழுத்தலில் டப்பென்று உள்ளே போய்விட்டது. அப்படியே பேனாவை இழுத்தால் பட்டாணித் தோல் பிளக்கிற மாதிரி ஜிப் பிளந்துகொண்டே வருகிறது. பூட்டு பாட்டுக்கு ஒரு மூலையில் பத்திரமாகத் தொங்குகிறது. உள்ளே கைவிட்டுப் பழைய போர்வையை எடுத்தேன்.

இனிமேல்தான் வேடிக்கை. பூட்டோடு சேர்ந்த இரண்டு ரன்னரையும் பிடித்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒருமுறை இழுத்தேன். பிளந்த இடமெல்லாம் பழையபடி மூடிக்கொண்டது. எந்த அடையாளமும் இல்லை. மனைவி பூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "போர்வை எங்கே?" என்றாள்.

பதினெட்டு வருஷமாக ஜனங்களுக்கு இந்தப் பூட்டைத்தான் விற்றேன்.

ஒரு விஷயம் மட்டும் கவனித்தேன். ரன்னரை நகரவிடாமல் பக்கத்துக் கைப்பிடி வளையத்தோடு சேர்த்துப் பூட்டினால், பேனாவால் பிளக்கலாம், ஆனால் திரும்ப மூட முடியாது. பிளந்தது பிளந்தபடி நிற்கும். உள்ளே கை வைத்தது உங்களுக்குத் தெரிந்துவிடும். இது நைலான் சுருள் ஜிப்புக்கு. உலோகப் பல் ஜிப்பில் பேனா சுலபமாக இறங்கவில்லை. ஜிப்பே இல்லாமல் சட்டமும் கொக்கியும் வைத்து மூடுகிற கெட்டிப் பெட்டி என்றால் இந்தப் பேச்சே கிடையாது.

14.4.2025

புத்தாண்டு வாழ்த்தெல்லாம் அப்புறம். அண்ணாநகர் அன்பர் ஒருவர், "சிவப்புச் சாய்சதுரம் போட்ட டிஎஸ்ஏ பூட்டு வாங்குங்கள், அதிகாரிகளிடம் பொதுச் சாவி இருக்கும், உடைக்க மாட்டார்கள்" என்கிறார்.

டிஎஸ்ஏ என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை. அந்தச் சாவி அவர்களின் விமான நிலையச் சோதனைக்காக ஏற்பட்டது. கப்பல் சிப்பந்தி இடுப்பில் தொங்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். இன்னொன்று. அந்தப் பொதுச் சாவிகளின் படம் 2014-இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வந்துவிட்டது. 2015-இல் அதைப் பார்த்தே முப்பரிமாண அச்சில் சாவி செய்யும் கோப்புகளை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். அமெரிக்கா போகிறவர் வாங்கட்டும். சென்னையிலிருந்து ஏறி சென்னையிலேயே இறங்குகிறவருக்கு அந்தச் சிவப்புச் சதுரம் வெறும் அலங்காரம்.

நம்பர் லாக் பற்றியும் கேட்டிருக்கிறார். மூன்று சக்கரம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். வினாடிக்கு ஒன்று என்று திருகினாலும் பதினேழு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குக்கூட அவசியம் வராது, பல பேர் வாங்கும்போது இருந்த 000-ஐ மாற்றுவதே இல்லை.

19.4.2025

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா ஐம்பதுகளில் பினாங்குக்கு ரஜுலா கப்பலில் போனவர். 1926-இல் கட்டிய கப்பல் அது, மதராஸிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தகரப் பெட்டியில் தாத்தா போட்டிருந்தது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. கையில் எடுத்தால் அரைப் படி அரிசி கனம். சாவி என் சுண்டுவிரல் நீளம். அந்தப் பூட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது, பெட்டிதான் துருவில் போய்விட்டது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதை எடுத்து எண்ணெய் போட்டுத் திறந்து பார்த்தேன். ஒரே திருப்பில் திறந்தது.

அந்தக் காலத்தில் பூட்டியதோடு விடமாட்டார்களாம். பெட்டி மேல் காடாத் துணி சுற்றி, கோணி ஊசியால் தைத்து, தையல் மேலேயே பேரும் ஊரும் மையால் எழுதுவார்களாம். பாட்டி சொல்லுவாள், "பூட்டைத் திறக்கத் திருடனுக்குத் தெரியும், என் தையலைப் போட அவனுக்குத் தெரியாது" என்று. பேனாச் சோதனைக்குப் பிறகு யோசித்தால் பாட்டி கடை வைத்திருக்க வேண்டியவள்.

ரஜுலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985 தீ விபத்தோடு அதுவும் நின்றது. 2022 ஜூனில் இங்கிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது, வேடிக்கை பார்க்கப் போகலாம் என்று கிளம்பி ராஜாஜி சாலை நெரிசலில் மாட்டித் திரும்பிவிட்டேன்.

22.4.2025

பாட்டியின் தையலுக்கு இந்தக் காலத்து மாற்று எது என்று யோசித்து, ரிச்சி தெருவில் ஒரு பாக்கெட் கேபிள் டை வாங்கினேன். நூறு எண்ணம். எலக்ட்ரீஷியன்கள் ஒயரைக் கட்டுகிற அதே நைலான் பட்டை. பச்சை நிறம்தான் கேட்டு வாங்கினேன், கறுப்பும் வெள்ளையும் எல்லார் பையிலும் இருக்கும்.

கணக்கு இப்படி: இரண்டு ரன்னரின் ஓட்டையிலும் டையை விட்டு, கைப்பிடி வளையத்தோடு இழுத்துக் கட்டு. பாதுகாப்புக்காரர் பார்க்க வேண்டுமென்றால் கத்தரியால் வெட்டுவார், உங்களைத் தேட வேண்டியதில்லை. பச்சை டை இல்லாமல் பெட்டி வந்தால் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏறும் நாளுக்கும் சரி, இறங்கும் நாளுக்கும் சரி.

ரொம்பப் பெருமையாக எழுதுகிறேன். பார்க்கலாம்.

24.4.2025

"வெட்டிவிட்டு வேறு பச்சை டை போட்டால்?" — பெரம்பூர் அன்பர். நியாயம். மின்வாரிய மீட்டரில் தொங்குமே, எண் பொறித்த சீல், அதுமாதிரி பிளாஸ்டிக்கில் வருகிறது. எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். வாங்கப் போகும் அளவுக்கு எனக்குச் சந்தேக புத்தி இல்லை. அந்த அன்பருக்கு இருக்கிறது போலும்.

2.5.2025

நகை பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. பூட்டு, டை, சீல் எதுவானாலும் சரி, கை மாறுகிற பெட்டிக்குள் நகை, ரொக்கம், பாஸ்போர்ட், மருந்து வைக்கக் கூடாது. தோளில் மாட்டுகிற பையில் வைத்து நீங்களே தூக்கிக்கொண்டு ஏறுங்கள். அறையில் சின்ன லாக்கர் இருக்கும், அதில் வையுங்கள். கப்பல் பயணிகளின் சாமான் பற்றிய 1974 ஏதென்ஸ் ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது: நகை, பணம் மாதிரியானதைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கப்பலிடம் ஒப்படைத்திருந்தால் ஒழிய, தொலைந்தால் கப்பல்காரர் பொறுப்பில்லை. என் டிக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்திலும் கிட்டத்தட்ட அதேதான் போட்டிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

ஆமாம், என் டிக்கெட். சொல்ல மறந்துவிட்டேன். இத்தனை பேசிவிட்டு நானும் கிளம்புகிறேன். அக்காவும் மாமாவும் நாங்களுமாக நான்கு பேர். இங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர், அங்கிருந்து நான்கு இரவுக் கப்பல், திரும்பவும் சிங்கப்பூர்.

10.5.2025

நாளை ராத்திரி விமானம். அக்கா கெட்டில் எடுத்து வைத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் காபி இல்லாவிட்டால் மாமாவுக்கு உலகமே இருட்டு. கப்பலில் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மெழுகுவத்தி ஒன்றும் ஆகாது என்று பட்டியலையே வாசித்துக் காட்டினேன். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறாள்.

மாமாவோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்து வந்தார். அதைப் பிடுங்கி என் வீட்டிலேயே வைத்துவிட்டேன். சர்ஜ் பாதுகாப்பு, அதாவது மின்சாரம் திடீரென்று எகிறினால் தடுக்கிற சாதனம், வைத்த பாக்ஸ் அது. கப்பலின் மின் இணைப்பில் நம் வீட்டு நியூட்ரல் மாதிரி எர்த்தோடு சேர்ந்த கம்பி கிடையாது. அந்தப் பாதுகாப்புச் சாதனமே அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். 2013-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை இதற்கென்றே எச்சரிக்கை விட்டிருக்கிறது.

பவர் பேங்க்கைப் பெட்டியில் போடாதீர்கள், விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். கொப்பரைத் தேங்காயும் விமானத்தில் போகிற பெட்டியில் கூடாது. எண்ணெய்ப் பசையில் தானாகச் சூடேறுகிற பொருள் என்று அதைத் தனி வகையில் வைத்திருக்கிறார்கள். அக்காவின் பெட்டியில் கொப்பரை இருக்கிறதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

18.5.2025

வந்துவிட்டோம். நிறைய எழுத வேண்டும். கால் வீங்கியிருக்கிறது. நாளைக்கு.

19.5.2025

முதல் நாள் கதை. கப்பலின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை.

என் பெட்டியும் மனைவி பெட்டியும் நாலரை மணிக்கே அறை வாசலுக்கு வந்துவிட்டன. பச்சை டை கட்டினது கட்டினபடி. மாமா பெட்டியும் வந்தது. அக்கா பெட்டி மட்டும் வரவில்லை. ஆறு மணி ஆயிற்று, ஏழு ஆயிற்று. அக்கா விமானத்தில் கட்டி வந்த அதே சேலையோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டு மணிக்கு அறையில் போன் அடித்தது. கீழ்த் தளத்துக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். நீளமான மேஜை, இந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிய பிள்ளைகள் மாதிரி நிற்கிறார்கள். ஒருவரிடம் இஸ்திரிப் பெட்டி, ஒருவரிடம் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிய ஏதோ பொன்னிறச் சரக்கு. அக்கா பெட்டியில் நம்பர் லாக்.

"திறங்கள்" என்றார் அதிகாரி, பிலிப்பைன்ஸ்காரர், சிரித்த முகம். அக்கா திருகினாள். திறக்கவில்லை. மறுபடி திருகினாள். திறக்கவில்லை. "என்ன நம்பர் வைத்தாய்?" என்றேன். "வீட்டு நம்பர்தான்." "பழைய நம்பரா, புது நம்பரா?"

சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். அவள் வீட்டு வாசலில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கும். தபால்காரருக்கே குழப்பம். இரண்டும் மூன்றிலக்கம். இரண்டையும் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி பொறுமையாக நிற்கிறார். கடைசியில் மாமாவைப் போனில் பிடித்தோம். "பெட்டி வாங்கின அன்றைக்கு நாம் கீழ்ப்பாக்கத்தில் அல்லவா இருந்தோம்" என்றார் அவர். கீழ்ப்பாக்கம் வீட்டு எண்ணுக்குத் திறந்தது.

உள்ளே கெட்டில். அதன் கீழே ஒரு டப்பாவில் கற்பூரம், தீப்பெட்டி, காமாட்சி விளக்கு. விளக்கை விட்டுவிட்டார்கள். கெட்டிலுக்கு ரசீது கொடுத்து, இறங்கும் நாளில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கற்பூரமும் தீப்பெட்டியும் போனது போனதுதான். அக்கா அந்த அதிகாரியிடம் தமிழிலேயே, "வெள்ளிக்கிழமை விளக்கேத்தணும்பா" என்றாள். அவர் தலையாட்டினார். என்ன புரிந்ததோ.

திருவான்மியூர் சகோதரி சொன்னதை வரிக்கு வரி பார்த்துவிட்டேன். ஏறும் நாளில் பூட்டாதீர்கள்.

19.5.2025, இரவு

டை பற்றி ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

பெட்டி வந்துவிட்டது, டை கட்டியிருக்கிறது, வெட்ட வேண்டும். நகவெட்டி எங்கே? பெட்டிக்குள். என் பெட்டியைத்தான் திறக்க முடியவில்லை என்று மனைவி பெட்டியைப் பார்த்தால், அதுவும் டை போட்டுக் கட்டியது. பல்லால் கடித்துப் பார்த்தேன். சிப்பந்தியைக் கூப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் இரண்டு பெட்டியும் திறந்திருக்கின்றன. மனைவி சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையை டையின் தலைக்குள் விட்டு, உள்ளே இருக்கும் சின்ன நாக்கைத் தூக்கிவிட்டு, பட்டையை வழுவழுவென்று உருவியிருக்கிறாள். டை வெட்டுப்படவே இல்லை. திரும்ப மாட்டி இழுத்துக் காட்டினாள். புதுசு மாதிரி இருந்தது.

"இதை வைத்தா ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதினீர்கள்?" என்றாள்.

22.4 அன்று எழுதியதை அழிக்க மாட்டேன், அப்படியே கிடக்கட்டும். பெரம்பூர் அன்பர் இப்போது சிரிக்கலாம்.

20.5.2025

கடைசி ராத்திரி. இதில் பூட்டுக்குச் சம்பந்தம் கொஞ்சம்தான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது.

பத்தரைக்குள் பெட்டிகளை வெளியே வைக்கச் சொல்லியிருந்தார்கள். மாமா ஒழுங்கானவர், ஒன்பது மணிக்கே எல்லாவற்றையும் மடித்து அடுக்கி, இம்முறை சாவிப் பூட்டாகப் போட்டு, வெளியே வைத்துவிட்டுப் படுத்தார். பெட்டியும் பத்து மணிக்கெல்லாம் போய்விட்டது. காலை ஐந்தரைக்கு என் அறைக் கதவைத் தட்டுகிறார். இடுப்பில் லுங்கி, மேலே பனியன். மறுநாள் போட வேண்டிய பேண்ட், சட்டை, பெல்ட், செருப்பு உட்பட எல்லாம் பெட்டியோடு கீழே போயாயிற்று. என் பேண்ட் அவருக்கு முக்கால்தான் வரும். அதைப் போட்டுக்கொண்டுதான் சிங்கப்பூர் குடிநுழைவு அதிகாரி முன்னால் நின்றார். பூட்டின சாவி மட்டும் கையில் பத்திரமாக இருந்தது.

ஆகவே, வெளியே வைப்பதற்கு முன் மறுநாள் உடுப்பை நாற்காலி மேல் எடுத்து வையுங்கள். பல்துலக்கும் பிரஷ்ஷையும்.

21.5.2025

கீழே கூடத்தில் நடந்ததுதான் முக்கியம். நேற்றே எழுதியிருப்பேன், மாமாவின் லுங்கி முந்திக்கொண்டது.

எங்கள் நிறச் சீட்டு வரிசையில் மூன்று பெட்டி இருக்கிறது. மனைவியின் பெட்டி இல்லை. கறுப்பு, நான்கு சக்கரம், நடுத்தர அளவு. அதேமாதிரி கறுப்புப் பெட்டி ஒன்று தள்ளி நிற்கிறது, அதன் சீட்டில் வேறு அறை எண். முக்கால் மணி நேரம் தேடினோம். மனைவி முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே நகை எதுவும் இல்லை. அவள் அம்மாவின் பட்டுச் சேலை ஒன்று இருந்தது.

அப்புறம் வாசல் பக்கமிருந்து ஒருவர் வேர்த்து விறுவிறுத்து எங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். கோயம்புத்தூர்க்காரர். அவசரத்தில் மாற்றி எடுத்துக்கொண்டு டாக்ஸி வரிசை வரைக்கும் போய்விட்டார். அங்கே மருந்து எடுப்பதற்காகத் தன் சாவியைப் போட்டிருக்கிறார். திரும்பவில்லை. பூட்டைப் பார்த்தால் பித்தளை. அவருடையது கறுப்பு. அதற்குப் பிறகுதான் சீட்டைப் படித்திருக்கிறார்.

ரங்கநாதன் தெரு பித்தளைப் பூட்டு. பேனாவால் நான் ஜெயித்த அதே பூட்டு. டை மேல் நம்பிக்கை போனதால் கடைசி ராத்திரி அதைத்தான் போட்டிருந்தேன். அது இல்லாவிட்டால் அவர் பெட்டியைத் திறந்து சேலைகளைப் பார்த்திருப்பார், அப்போதும் திரும்பி வந்திருப்பார் என்று வாதாடலாம். ஆனால் மருந்து அவசரம் மட்டும் இல்லையென்றால் திறந்தே இருக்க மாட்டார், நேரே விமான நிலையம் போயிருப்பார். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பூட்டைத் திட்டினதற்கு வருத்தமாக இருக்கிறது.

நான்கு நாளில் எங்கள் பெட்டியைத் திருட யாரும் முயற்சி செய்யவில்லை. ஒரு நல்ல மனிதர்தான் எடுத்துக்கொண்டு போனார். இனி நான் செய்யப்போவது: கறுப்புப் பெட்டி வாங்க மாட்டேன். இருக்கிற கறுப்புப் பெட்டியின் கைப்பிடியில் பழைய சுங்குடிச் சேலைக் கிழிசலைச் சிவப்பாகக் கட்டுவேன். பேரும் போன் நம்பரும் வெளியே ஒரு சீட்டு, உள்ளே துணிக்கு மேல் ஒரு சீட்டு.

23.5.2025

அக்கா பையன், பெட்டிக்குள் போட்டால் அது இருக்கும் இடத்தைப் போனில் காட்டுகிற ஆப்பிள் வில்லை, ஏர்டேக், வாங்கியிருக்கலாமே என்கிறான். வாங்கலாம். அது தானாக எங்கேயும் செய்தி அனுப்பாது, பக்கத்தில் இருக்கிற ஆப்பிள் போன்களின் தயவில்தான் இடம் காட்டும். நடுக்கடலில் அந்தப் போன்களுக்கே இணையம் இல்லையென்றால் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். கூடத்தில் தேடினோமே, அங்கே உதவியிருக்கும். என்னிடம் ஆப்பிள் போன் கிடையாது என்பதையும் பையன் யோசித்திருக்கலாம்.

8.6.2025

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். ஏறும்போது பூட்டவில்லையாம், பெட்டி மூன்று மணிக்கே வந்துவிட்டதாம். இறங்கும்போது மனைவி வாங்கின இரண்டு பூட்டையும் ஒரே பெட்டியில் போட்டார்களாம். மகன் ஒன்றும் சொல்லவில்லையாம். எதுவும் தொலையவில்லை.

மீதி தொண்ணூற்றுச் சொச்சம் டையால் மனைவி மாடியில் புடலங்காய்ப் பந்தல் கட்டிவிட்டாள்.

அக்கா நேற்று போன் செய்தாள். டிசம்பரில் அந்தமான் போகிறார்களாம், இங்கிருந்து அரசுக் கப்பலில், அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில். மூன்று நாள் கடல். அங்கே யாரும் பெட்டியை வாங்கி அறை வாசலில் வைக்க மாட்டார்கள், நாமே தூக்கிக்கொண்டு ஏறி, நாமே படுக்கை பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். "உன்கிட்ட அந்த ரயில் சங்கிலி இருக்கா?" என்றாள்.

பரணில் இருக்கிறது. சாவியைத்தான் தேட வேண்டும்.